இருபத்தோராம் நாள்

— தலையை ஆட்டாதீங்க சார். ஆட்டினா இந்தத் தடவை மூக்குல விழும்.

— எதுக்கு... எதுக்கும்மா அடிச்ச? வாயெல்லாம் ரத்தம். பல்லு ஆடுது.

— ஆடத்தான் செய்யும். கூண்டு மூடி அது, இரும்பு. துப்பணும்னா இடது பக்கமா துப்புங்க. வலது பக்கம் எலிங்களுக்குத் தீனி வச்சிருக்கேன்.

— லைட்டையாவது போடு. உன் மூஞ்சியே சரியாத் தெரியல.

— போட மாட்டேன். வெளிச்சம் பட்டா யாரோ என் கண்ணுக்குள்ள கண்ணாடித் தூளைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கு. பத்தொம்பது நாளா பட்டப்பகல்ல ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருக்கேன். நீங்க ஒரு அரை மணி நேரம் உக்காந்தா ஒண்ணும் கொறைஞ்சு போயிடாது.

— கையையாவது அவுரு. மரத்துப் போச்சு.

— அது பிளாஸ்திரி சார், கயிறு இல்ல. நாலு சுத்து சுத்தியிருக்கேன். முறுக்கினீங்கன்னா தோலோட வரும்.

— இங்க பாரும்மா. நிதானமா பேசுவோம், ஓகே? பத்து வருஷமா என்கிட்ட வேலை பாக்குற. ஒரு நாள் நீ குரல் உசத்தி நான் கேட்டதில்ல. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, நீ எலி ரூமுக்குத் தீனி போட வந்திருப்பேன்னு, உன் கண்ணு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். வந்தவனை மண்டையில அடிச்சு நாற்காலியில கட்டிப்போட்டிருக்க. என்ன ஆச்சு உனக்கு?

— பதினொண்ணு.

— என்ன பதினொண்ணு?

— மருந்து போட்ட எலி மொத்தம் இருபத்திநாலு. அதுல பதினொண்ணு மயக்க மருந்து தாங்காம செத்துச்சுன்னு உங்க நோட்டுல எழுதியிருக்கு. காலையில பஞ்சு தேடி உங்க டிராயரைத் திறந்தேன், அப்பதான் பாத்தேன். எழுதினதெல்லாம் எனக்குப் புரியல. மயக்க மருந்து பாட்டில்ல ஒட்டியிருக்கிற பேரு தெரியும். எலி நம்பர் தெரியும். காதுல துளை போட்டு நம்பர் வச்சதே நான்தானே? எந்த எலி எந்த நாள் எப்படிச் செத்துச்சுன்னு நானும் ஒரு நோட்டு வச்சிருக்கேன்.

— அது வேற விஷயம். உனக்குச் சொன்னாப் புரியாது.

— அப்ப நான் சொல்றேன், உங்களுக்குப் புரியுதா பாப்போம். அந்தப் பதினொண்ணும் மயக்கத்துல சாகல. நான் கொன்னேன். நீங்க சொல்லி, இந்தக் கையால கொன்னேன். வாலைப் பிடிச்சு, பிடரியில இந்தக் கம்பியை அழுத்தி, ஒரே இழு. டக்குனு ஒரு சத்தம் வரும். இப்பவும் சோறு பிசையும்போது அந்தச் சத்தம் விரல்ல கேக்குது எனக்கு. கருவிழி உடைஞ்சு தண்ணி வடியுற எலியையெல்லாம் இருபத்தோராம் நாள் வர்றதுக்குள்ள தீத்துக்கட்டுன்னு சொன்னீங்களா இல்லையா?

— அதுங்க துடிக்கிறதைப் பாக்க முடியாமத்தான் சொன்னேன். எலியை அநாவசியமா வதைக்கக் கூடாதுன்னு விதியே இருக்கும்மா.

— நல்லாருக்கு கதை. மருந்து ஆரம்பிச்ச இருபத்தோராம் நாள்தானே பணம் போட்டவங்களோட ஆளுங்க வந்து எண்ணிப் பாப்பாங்க? அன்னைக்கு உசுரோட இருந்தது பதிமூணு. பதிமூணுக்கும் கண்ணு நல்லாருந்துச்சு. கைதட்டிட்டுப் போனாங்க. எனக்கும் ஒரு புடவை வாங்கிக் குடுத்தீங்க.

— யாரு உள்ள? என்ன சத்தம் அது? தங்கச்சி, நீயா?

— நான்தான் மீசை அண்ணே. நீங்க கேட்டுக்குப் போங்க, ஒண்ணும் இல்ல.

— ஒண்ணும் இல்லைங்கிற, யாரோ முனகுற மாதிரி கேட்டுச்சே? டாக்டர் ஐயா வண்டி வெளிய நிக்குது. அவர் உள்ளதான் இருக்காரா?

— வாட்ச்மேன்! கதவை உடை! இவ என்னைக் கட்டிப்போட்டு...

— சொன்னேன்ல சார், மூக்குன்னு.

— அம்மா! அய்யோ... அம்மா...

— தங்கச்சி! என்னத்தை அடிக்கிற? எலியையா?

— இல்ல அண்ணே. டாக்டரை.

— அய்யையோ! என்ன காரியம் பண்ற! கதவைத் தொற! நான் பாட்டுக்கு வாசல்ல சிவனேன்னு உக்காந்திருந்தேன், என்னை எதுல கொண்டாந்து மாட்டிவிடுற? நான் புள்ளைகுட்டிக்காரன். ரிட்டையர் ஆக இன்னும் நாலு மாசம் இருக்கு.

— உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இரும்புக் கதவு, உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள். உடைக்க முடியலைன்னு சொல்லுங்க. யாரும் தப்பு சொல்ல முடியாது.

— போலீசைக் கூப்பிடப் போறேன், ஆமா.

— கூப்பிடுங்க, வேணாம்னு சொல்லல. பத்தே நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் காதைக் கதவுல வச்சுக்கிட்டு நில்லுங்க. உள்ள பேசுறதை என்னைத் தவிர இன்னொரு ஆள் கேக்கணும். இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?

— கேட்டதில்லதான். நீதான் எனக்கு தினம் காப்பி ஊத்துவ... சரி, பத்து நிமிஷம். ஆனா உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, சொல்லிட்டேன்.

— மூச்சு விட முடியல... மூக்கு உடைஞ்சிருச்சு...

— வாயால விடுங்க. எலி அப்படித்தான் விடும், மூக்குல ரத்தம் கட்டினா. சார், அன்னைக்கு நடந்ததை அண்ணனுக்குச் சொல்லுங்க. என் கண்ணு எப்படிப் போச்சு?

— அது ஒரு விபத்து.

— விபத்துதான். நான் அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லல. அண்ணே, இங்க என்ன வேலைன்னு கேப்பீங்களே அடிக்கடி. இதான் வேலை. தண்ணியில அமீபான்னு ஒரு கிருமி இருக்கு. கண்ணுல கீறல் விழுந்து அது உள்ள போச்சுன்னா கருவிழியைத் தின்னுரும். அதுக்கு மருந்து கண்டுபிடிக்க, எலி கண்ணைக் கீறி, கிருமி ஒட்டின லென்ஸ் துணுக்கை அது மேல வச்சு, இமையை மூடி ஊசி நூலால தச்சிருவாங்க. சார் தைப்பாரு, நான் பிடிச்சுக்குவேன். நாலாம் நாள் தையலைப் பிரிச்சு மருந்து போடுவோம். அப்படி ஒரு நாள் பிடிச்சிருக்கும்போது ஒரு பெட்டை எலி மயக்கம் தெளிஞ்சு உதறுச்சு. சார் கையில இருந்த கிருமித் தண்ணி ஊசி வழுக்கி என் கண்ணைக் கீறி, உள்ள இருந்ததைப் பீச்சிருச்சு.

— அட கொடுமையே. அதான் கட்டுப் போட்டுட்டு இருக்கியா? கண் கட்டின்னு சொன்ன?

— அப்படிச் சொல்லச் சொன்னது சார். ஆஸ்பத்திரிக்குப் போனா என்னன்னு கேப்பாங்க, விசாரணைன்னு வருவாங்க, எலி ரூமை இழுத்து மூடிருவாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னு சொன்னாரு. நம்ம மருந்தே இருக்கு, நானே போட்டுக் குணப்படுத்துறேன்னு சொன்னாரு. நம்பினேன். என் வீட்டுக்காரர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு, கண்ணாஸ்பத்திரிக்கு வா, வண்டி எடுக்கிறேன்னு. சாரை விட அவனுங்களுக்கு என்ன தெரியும்னு அவரைத் திட்டினேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்த தட்டை விசிறி அடிச்சிட்டு எந்திரிச்சுப் போனாரு மனுஷன். அன்னையில இருந்து என்கிட்ட சரியாப் பேசல.

— இங்க பாரும்மா, உன் கண்ணுக்கு இன்னும் நேரம் இருக்கு. என்னை அவுத்து விடு. நானே கூட்டிட்டுப் போறேன்.

— என் கண்ணை விடுங்க. முதல்ல உங்க கண்ணு.

— என்னது?

— அந்த அலமாரியில ரெண்டு கிண்ணம் வச்சிருப்போமே, மூடி போட்டு? அதுல ஒண்ணுல கிருமித் தண்ணியில லென்ஸ் ஊறுது. அடுத்த கூட்டம் எலிக்குன்னு நாலு நாளா ஊறுது. இன்னும் துணுக்கா வெட்டல, முழு லென்ஸ். உங்க கண்ணு பெருசு பாருங்க.

— ஏய். ஏய், வேணாம். விளையாடாதே.

— அண்ணே, கொஞ்சம் சத்தம் வரும், பயப்படாதீங்க.

— தங்கச்சி, என்ன பண்ணப் போற?

— வேலை. பத்து வருஷமா பாத்த வேலைதான். சார், முதல்ல மரத்துப்போற சொட்டு ரெண்டு. எலிக்குக் குடுக்கிற மரியாதை உங்களுக்கும் உண்டு. முழிச்சுப் பாருங்க. முழிக்கலைன்னா இமையை நான் பிரிப்பேன். என் நகம் கொஞ்சம் முரடு.

— கொலைகாரி! விடுடி! விடு!

— இந்த வார்த்தையெல்லாம் உங்களுக்குத் தெரியுமா சார்? பத்து வருஷமா அம்மா அம்மான்னு சொன்ன வாய். தலையை ஆட்டாதீங்க, ஊசி ஆழமாப் போயிரும். ஒரு கண்ணு எனக்கு மங்கல், மறந்துடாதீங்க. குறி தப்பினா நான் பொறுப்பில்ல.

— ஆஆ... ஆ...

— அவ்வளவுதான். மேலாப்புல ஒரு கீறல். நீங்க கத்துக்குடுத்ததுதான், குறுக்கா ஒண்ணு, நெடுக்கா ஒண்ணு. இப்போ லென்ஸ். மூடுங்க. மூடுங்கன்னா மூடணும். இமை மேல பஞ்சு வச்சு பிளாஸ்திரி போட்டுட்டேன். தைக்கல. தையல் எனக்கு அவ்வளவு நல்லா வராது.

— எடு... எடுத்துரு... கெஞ்சிக் கேக்குறேன், எடுத்துரு. உள்ள போயிரும். ஒரு மணி நேரத்துல ஒட்டிக்கும் அது, உனக்குத் தெரியாதா?

— தெரியும் சார். என் கண்ணுல ஒட்டினதுதானே. ஆனா நீங்க ஏன் அழுறீங்கன்னுதான் தெரியல. ஃப்ரிட்ஜ் நிறைய உங்க மருந்து இருக்கு. எலியைக் குணமாக்கின மருந்து. மேடையில ஏறி மாலை வாங்கின மருந்து. இந்தா, ஒரு பாட்டிலை எடுத்தாச்சு. மூடியைத் திருகியாச்சு. இப்பவே பிளாஸ்திரியைப் பிரிச்சு முதல் சொட்டு போட்டுரட்டுமா?

— வேணாம்!

— ஏன் வேணாம்?

— அதைப் போடாதே. அது மட்டும் வேணாம். கண்ணாஸ்பத்திரியில இந்தக் கிருமிக்குன்னு போடுற பழைய சொட்டு இருக்கும். மணிக்கு ஒரு தடவை போட்டா, உடனே ஆரம்பிச்சா, நின்னுரும். எனக்கு அதை வாங்கிக் குடு. உன் காலைப் பிடிக்கிறேன்.

— கையைத்தான் கட்டியிருக்கே, எப்படிப் பிடிப்பீங்க? உங்க மருந்துக்கு என்ன கொறைச்சல்? அதைச் சொல்லுங்க. சத்தமா. மீசை அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்.

— எனக்கு நல்லாவே கேக்குது தங்கச்சி. அவரைச் சொல்லச் சொல்லு.

— அது... அதுல ஸ்டீராய்டு இருக்கு. முதல் வாரம் கண்ணு சிவப்பு போயிரும். வலி போயிரும். பளிச்சுனு இருக்கும். பாக்கிறவன் எல்லாம் குணமாச்சுன்னுதான் நினைப்பான். ஆனா உள்ள... உள்ள கிருமியோட சண்டை போடுற சக்தியையும் அது படுக்க வச்சிருது. கிருமி நிம்மதியாத் தின்னும். மூணாவது வாரம் கருவிழி உடையும்.

— எல்லா எலிக்குமா?

— பாதிக்கு. கிட்டத்தட்ட பாதிக்கு. அளவை மட்டும் சரி பண்ணிட்டா தீந்துடும்மா, நிஜமாச் சொல்றேன். எட்டு வருஷம் இதுக்காக உசுரைக் குடுத்திருக்கேன். இன்னும் ஒரே ஒரு வருஷம் கிடைச்சிருந்தா சரி பண்ணியிருப்பேன். எவனும் குடுக்கல. இப்பவே ரிசல்ட் காட்டுன்னாங்க.

— அதனால காட்டிட்டீங்க. இப்போ அது எத்தனை பேர் கண்ணுல இருக்கு?

— நாப்பத்திரண்டு.

— நாப்பத்திரண்டு எலியா?

— மனுஷங்க. கண்ணாஸ்பத்திரியில போன மாசம் ஆரம்பிச்சாங்க.

— அடப் பாவி மனுஷா! ஏன்யா, படிச்சவன்தானே நீ?

— மீசை அண்ணே, நீங்க கொஞ்சம் பொறுங்க. சார், உங்க சட்டைப் பையில இருந்து போனை எடுக்கிறேன். அங்க பாக்குற பெரிய டாக்டரம்மா நம்பரை அழுத்துங்க. கை வராதா? சரி, பேரைச் சொல்லுங்க, நான் அழுத்துறேன். காதுல வச்சுப் பிடிச்சுக்கிறேன். மருந்தை நிறுத்துன்னு சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சு, இந்தக் கம்பி உங்க பிடரியில இருக்கு, நினைவு வச்சுக்கோங்க. எலிக்குப் பண்றதை விட கொஞ்சம் பலமா இழுக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

— ரிங் போகுது...

— நல்லா மூச்சு இழுத்துக்கோங்க.

— ஹலோ... மேடம், நான்தான். ஆமா, ஞாயித்துக்கிழமைன்னு தெரியும்... இல்ல, சளி, அதான் குரல் இப்படி. மேடம், சொட்டு மருந்தை நிறுத்தணும். எல்லாருக்கும். இன்னைக்கே, இப்பவே... இல்ல, சப்ளை பிரச்சினை இல்ல. எலிங்களுக்கு மூணாவது வாரம் கருவிழி உடைஞ்சுது. நான் மறைச்சிட்டேன்... ஆமா, மறைச்சேன்னுதான் சொன்னேன்... பதினொண்ணு... எல்லாருக்கும் பழைய சொட்டையே போட ஆரம்பிங்க... என்னது? எப்போ? ... பதினாலாம் நம்பரா? அந்தக் காலேஜ் பொண்ணா? ... ரெண்டு பேருக்குமா? ... எனக்கு ஏன் சொல்லல? ... மெயில் அனுப்பினீங்களா... ஆமா. பாத்தேன். பாத்தேன் மேடம்... நாளைக்கு நேர்ல வந்து எழுதிக் குடுத்துர்றேன்... நிறுத்திருங்க. ப்ளீஸ்.

— என்னவாம்?

— நிறுத்துறாங்க. இப்பவே நர்சுங்களைக் கூப்பிட்டுச் சொல்றாங்க.

— ரெண்டு பேருக்குன்னு ஏதோ பேசினீங்களே. என்ன ரெண்டு பேருக்கு?

— ஒண்ணுமில்ல.

— முட்டியில விழும் சார்.

— ரெண்டு பேருக்குக் கண்ணை எடுத்தாச்சு. போன வாரம்.

— போன வாரமே உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்... அம்மாஆ! கால்! என் கால்! வேணாம், அடிக்காதே, அடிக்காதே!

— இது பதினாலாம் நம்பருக்கு. இன்னொண்ணு யாருன்னு தெரியாது. பேரு தெரியாத ஆளுக்கு இது.

— தங்கச்சி, போதும்! எலும்பு உடையுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. போதும்மா. அந்தாளு செத்துப்போனா நாளைக்கு யாரைக் கேள்வி கேக்கிறது? நீதானே மாட்டுவ?

— சரி அண்ணே. போட்டுட்டேன், கம்பியைக் கீழ போட்டுட்டேன். சத்தம் கேட்டுச்சா?

— உக்காரு. ஒரு நிமிஷம் உக்காந்து மூச்சு விடு. நான் போலீசையும் கூப்பிடல, ஒருத்தரையும் கூப்பிடல. எனக்கு ஒண்ணும் கேக்கவே இல்ல, போதுமா? அந்தாளு போன்ல பேசினது மட்டும் கேட்டுச்சு. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.

— சொல்லுங்க அண்ணே. அதுக்குத்தான் உங்களை நிக்க வச்சேன்.

— என் கண்ணு... எல்லாம் சொல்லிட்டேனே, லென்ஸை எடுத்துரும்மா. தயவு பண்ணு.

— எடுக்கிறேன். அழாதீங்க, பஞ்சு நனைஞ்சு வழுக்குது. ...இந்தா, வந்துருச்சு. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது உங்களுக்கு. நான் வச்சது சுத்தக் கிண்ணத்து லென்ஸ். கிருமிக் கிண்ணம் அலமாரியில மூடி போட்டபடி அப்படியே இருக்கு. தொடவே இல்ல.

— சுத்த... சுத்தமானதா? நிஜமாவா?

— மேல விழுந்த கீறல் மட்டும் ரெண்டு நாள் உறுத்தும். நான் என்ன உங்களை மாதிரியா சார்? உங்க வாயைத் திறக்க வைக்கணும், அதுக்கு வேற வழி தெரியல. மருந்து நல்லதுன்னா சிரிச்சிருப்பீங்க, போடுன்னு சொல்லியிருப்பீங்க. நானும் அவுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேன். சத்தியமா அதைத்தான் எதிர்பாத்தேன்.

— அப்பாடா... அப்பாடா. நன்றிம்மா. கோடி நன்றி. நீ நல்ல மனசுக்காரி. எனக்குத் தெரியும், நீ நல்ல மனசுக்காரி.

— தங்கச்சி, பேச்சு முடிஞ்சுதுன்னா கதவைத் தொற. முதல்ல உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவரு அப்புறம். ஆட்டோ நிக்குது தெருமுனையில.

— வர்றேன் அண்ணே. மேல் தாழ்ப்பாளை எடுத்துட்டேன். கீழ இருக்கிறது கண்ணுக்குச் சரியாத் தெரியல, தடவித்தான் எடுக்கணும். சார், ஒண்ணு கேக்கணும். ஆஸ்பத்திரியில கேப்பாங்கல்ல, இத்தனை நாளா கண்ணுல என்ன போட்டேன்னு? நீங்க குடுத்த பாட்டில்ல பேரே ஒட்டல. உங்க மருந்துதான்னு சொல்லிரட்டுமா? அப்பதானே அதுக்குத் தகுந்த மாதிரி பாப்பாங்க?

— அப்படிச் சொல்லாதே. எதுவும் போடலைன்னு சொல்லு.

— இன்னும் பொய் சொல்லணுமா உங்களுக்காக?

— பொய் இல்லம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த மருந்து போட்டேன்னு சொன்னா, அதை முறிக்க வேற வைத்தியம் ஆரம்பிப்பாங்க, உன் கண்ணு இன்னும் கெட்டுரும். எதுவும் போடலைன்னு சொல்லு, பழைய சொட்டையே நேரா ஆரம்பிப்பாங்க. பாதிப் பார்வை தேறும்.

— ஆனா நான் போட்டேனே. ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒரு வேளை தவறல. என் மக மடியில தலையை வச்சு, அவ எண்ணி எண்ணிப் போட்டா.

— நீ போட்டது மருந்தில்ல. வெறும் உப்புத் தண்ணி.

— என்ன?

— கோவப்படாம கேளு. நீ தப்பிச்சேன்னுதான் அர்த்தம். எலிக்கு அந்த மருந்து என்ன பண்ணிச்சுன்னு பாத்தப்புறம் உனக்குப் போட எனக்கு மனசு வரல.

— மனசு வரலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லியிருக்கலாமே. தண்ணியை ஏன் குடுத்தீங்க?

— அது... எலியில ஒரு கூட்டத்துக்கு மருந்து போடுவோம், ஒரு கூட்டத்துக்குத் தண்ணி. ரெண்டையும் வச்சுத்தானே ஒப்பிட முடியும்? மனுஷங்கள்ல அப்படி முடியாது. நாப்பத்திரண்டு பேருக்கும் மருந்து போகுது. மருந்தே போடாம ஒரு மனுஷக் கண்ணை விட்டா எத்தனையாவது நாள்ல என்ன ஆகும்னு உலகத்துல யாருக்கும் சரியாத் தெரியாது. அதுக்கு எந்தக் கமிட்டியும் அனுமதி தராது. நீ... அது தானா அமைஞ்சுது. நான் தேடிப் போகல.

— தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் கண்ணைப் படம் எடுத்தீங்களே.

— அது பதிவுக்கு.

— எவ்வளவு அக்கறையான மனுஷன்னு என் மக உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தா. அவ கையைத் தட்டிக் குடுத்தீங்க. கவலைப்படாதே, அம்மா கண்ணு தெளிஞ்சிரும்னு சொன்னீங்க. ...சார், ஊசி பட்ட அன்னைக்கே நான் என் வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு அந்தப் பழைய சொட்டைப் போட்டிருந்தா?

— இப்போ அதைப் பேசி என்னம்மா...

— போட்டிருந்தா?

— தெளிஞ்சிருக்கும்.

— எவ்வளவு?

— முழுசா.

— தங்கச்சி? கீழ் தாழ்ப்பாள் கைக்கு ஆப்பிடலையா? மேல் தாழ்ப்பாளை மறுபடி போட்ட மாதிரி கேட்டுச்சு?

— ஆமா அண்ணே. நீங்க முக்குக் கடையில போய் நிதானமா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. எனக்கு அலமாரியில இன்னொரு கிண்ணம் எடுக்க வேண்டியிருக்கு.